இரண்டு அண்டை நாடுகளின் வாழ்க்கைத் தரத்தை ஒப்பிடுவது எப்படி?

தலா உற்பத்தியை (நாட்டின் மொத்த உற்பத்தியை மக்கள்தொகையால் வகுத்த எண்) மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதிவிடுவதுதான் இந்த வேலையில் அடிக்கடி நடக்கும் பிழை. அண்டை நாடுகள் என்றால் அந்த எண் இன்னும் மோசமாக ஏமாற்றும், ஏனென்றால் ஆட்களும் பணமும் எல்லையைத் தாண்டிப் போய்வருகிறார்கள். லக்சம்பர்க்கில் வேலை பார்க்கும் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வீடு இருப்பது பிரான்ஸ், பெல்ஜியம், ஜெர்மனியில். அவர்கள் உழைப்பில் விளைவது லக்சம்பர்க்கின் உற்பத்தியில் சேர்கிறது. அதை வகுக்கும் மக்கள்தொகையில் அவர்கள் இல்லை. அயர்லாந்தின் பொருளாதாரம் 2015-இல் கால் பங்கு வளர்ந்ததாகக் கணக்கு காட்டியது. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சொத்துகளை ஏட்டளவில் அங்கே மாற்றியதன் விளைவு அது. குடும்பங்களின் வருமானம் அப்படி ஏறவில்லை. பிறகு அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே இதைக் களைந்த தேசிய வருமானக் கணக்கை வெளியிடத் தொடங்கியது.

எனவே குடும்பத்தின் செலவிடத்தக்க வருமானத்தை எடுங்கள்: வரி போக, அரசு உதவி சேர்த்துக் கையில் நிற்பது. அதிலும் சராசரியை விட்டு இடைநிலை அளவைப் பாருங்கள்: எல்லோரையும் வருமான வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் வருமானம். ஐந்து பேரின் வருமானம் 10, 10, 12, 14, 154 என்றால் சராசரி 40, இடைநிலை 12. அந்த ஐவரில் நால்வருக்கு 40 என்பது எட்டாத கனவு.

அடுத்தது நாணயம். சந்தை மாற்று விகிதத்தில் கணக்கிட்டால் விலைவாசி குறைந்த நாடு உள்ளதைவிட ஏழையாகத் தெரியும். வாங்கும் திறன் சமநிலை விகிதத்தைப் பயன்படுத்துங்கள்: ஒரே பொருள்களை வாங்க இரு நாட்டிலும் எவ்வளவு பணம் வேண்டும் என்பதை வைத்துக் கணக்கிடுவது அது. அதுவும் நாடு முழுமைக்குமான விகிதம்தான். நகர வாடகை அதில் கரைந்துவிடும். வாடகையைத் தனியாகக் கழித்துப் பாருங்கள். ஒரே நாணயத்துக்கு மாற்றிய பின் ஒருபுறம் வருமானம் 2,000, வாடகை 900. மறுபுறம் 1,500, வாடகை 400. இரண்டிலும் மிஞ்சுவது 1,100தான்.

ஒரே பெயரில் வரும் எண்கள் ஒன்றையே அளக்கின்றன என்று நம்பிவிடாதீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் வறுமைக் கோடு அந்தந்த நாட்டு இடைநிலை வருமானத்தில் 60 சதவீதம். பணக்கார நாட்டில் அந்தக் கோடே உயரத்தில் இருக்கும் என்பதால் இரு நாட்டு விகிதங்களையும் பக்கத்தில் வைத்து யார் அதிக ஏழை என்று சொல்ல முடியாது. வேலையின்மையும் அப்படித்தான். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி, கணக்கெடுக்கும் வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு உழைத்தவரும் வேலையில் இருப்பவர். வேலை தேடுவதைக் கைவிட்டவர் வேலையற்றோர் பட்டியலிலேயே வரமாட்டார். வேலை செய்யும் வயதினரில் எத்தனை சதவீதம் பேர் வேலையில் இருக்கிறார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

உடல்நலத்துக்கு மூன்று எண்கள் போதும்: ஆயுள் எதிர்பார்ப்பு, 1,000 பிறப்புக்கு ஐந்து வயதுக்குள் இறக்கும் குழந்தைகள், மருத்துவச் செலவில் மக்கள் சொந்தக் கையிலிருந்து கொடுக்கும் பங்கு. மூன்றாவதைப் பலர் பார்ப்பதே இல்லை. ஒரு நோய் வந்தால் குடும்பம் கடனில் விழுமா என்பதை அதுதான் காட்டும். 2020, 2021 ஆண்டுகளின் ஆயுள் எண்களைத் தனியாக எடுக்காதீர்கள், கொரோனா அவற்றைக் குலைத்துவிட்டது.

ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டம் 1990 முதல் வெளியிடும் மனித வளர்ச்சிக் குறியீடு நல்ல தொடக்கம். ஆனால் ஆயுள், கல்வி, வருமானம் மூன்றோடு அது நின்றுவிடும். ஏற்றத்தாழ்வைக் கழித்த இன்னொரு வடிவமும் வெளியாகிறது; இரண்டுக்கும் இடைவெளி பெரிதானால் நன்மை சிலருக்கே போகிறது என்று பொருள். பாதுகாப்பு, காற்று, வேலை நேரம் மூன்றையும் நீங்கள்தான் தனியாகச் சேர்க்க வேண்டும். காற்றுக்கு ஆண்டுச் சராசரி பிஎம் 2.5 (நுரையீரலுக்குள் போகும் மிக நுண்ணிய துகள்கள்) அளவைப் பாருங்கள். உலக சுகாதார அமைப்பின் வரம்பு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம்.

இடத்தையும் பொருத்துங்கள். ஒரு நாட்டின் தலைநகரை மற்றதன் சிற்றூரோடு ஒப்பிட்டால் எல்லா எண்ணும் வீண். குடிபெயர எண்ணுபவர்கள் ஒவ்வொரு அரசு சேவைக்கும் எதிரே அது குடிமக்களுக்கு மட்டுமா, வெளிநாட்டவருக்கு எத்தனை ஆண்டு கழித்துக் கிடைக்கும் என்று எழுதிக்கொள்ளுங்கள். கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி ஒற்றை மதிப்பெண் போடாதீர்கள். பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கும் ஓய்வூதியத்தில் வாழும் தம்பதிக்கும் ஒரே அட்டவணை வெவ்வேறு நாட்டைக் காட்டலாம்.