சித்திரை வெயிலில் ஹெட்போன்

மதுரைச் சித்திரை வெயிலில் என் பழைய ஹெட்போன் அரை மணி நேரத்தில் காதை அவித்துவிடும். காதின்மேல் உட்காரும் ரகம். கண்ணாடிக் காம்பை வேறு அழுத்தும்.

டவுன்ஹால் ரோட்டில் 2,500 ரூபாய்க்குள் காதை முழுசாக மூடுகிற, வயர் வைத்த ஒன்றை எடுத்தேன். மின்தடை 32 ஓம்தான், தனியாக ஆம்ப்ளிஃபயர் வேண்டாம், ஓட்ட போனே போதும். கடைக்காரர் பேஸ் அதிரும் பாட்டாகவே போட்டார். நான் என் போனிலிருந்து நாதஸ்வரக் கச்சேரி வைத்தேன். நாதஸ்வரம் காதைக் குத்தவில்லை, தவிலின் இரண்டு பக்கமும் தனித்தனியாகக் கேட்டது.

இறுக்கம் மட்டும் இருந்தது. ராத்திரி தடித்த புத்தகங்களை நடுவே செருகி வைத்தேன். மூன்று நாளில் தளர்ந்தது. ரெக்சின் குஷனைக் கழற்றி வெல்வெட் குஷன் மாட்டியதும் வியர்வை குறைந்தது. துணி வழியே காற்று கசிவதால் பேஸும் கொஞ்சம் இளைத்தது, தவில் பிரியனுக்கு அதில் வருத்தம்தான்.