ஆற்றில் பிடித்த மீன்கள் காரணம் தெரியாமல் சாகும்போது

ஆற்றில் பிடித்து விற்கப்படும் தொட்டி மீன்களான ஒட்டோசிங்க்ளஸ் (பாசி தின்னும் சிறு மீன்), கார்டினல் டெட்ரா போன்றவை உங்கள் தொட்டிக்கு வந்த முதல் இரண்டு வாரத்தில் ஒவ்வொன்றாகச் சாகும்போது, கைக்குக் கிடைத்த மருந்தை ஊற்றிவிடாதீர்கள். நலிந்த மீனை அதுவே கொன்றுவிடலாம்.

செத்த மீனை உடனே எடுத்து, செவுள் மூடியைத் தூக்கிப் பாருங்கள். செவுள் பழுப்பாக இருந்தால் நைட்ரைட்டை (மீன் கழிவின் அம்மோனியாவிலிருந்து தண்ணீரில் உருவாகும் நச்சு) சந்தேகியுங்கள். அம்மோனியாவும் நைட்ரைட்டும் தண்ணீர்ச் சோதனையில் 0 காட்ட வேண்டும். கொஞ்சம் தெரிந்தாலும் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். புதுத் தண்ணீர் குளோரின் நீக்கியதாக, அதே வெப்பத்தில் இருக்கட்டும்.

தண்ணீர் சரியாக இருந்தும் சாகிறதா? வயிற்றைப் பாருங்கள். பிடித்த இடத்திலிருந்து கடை வரை பல நாள் பட்டினியாக வந்திருக்கும். பாவம், பல மீன்கள் அதிலிருந்து மீள்வதே இல்லை. வயிறு ஒட்டிய ஒட்டோசிங்க்ளஸுக்குப் பாசி படிந்த கற்களை வையுங்கள். டெட்ராவுக்கு அப்போதுதான் முட்டையிலிருந்து வெளிவந்த ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சிற்றிறால்) குஞ்சுகள், தினம் மூன்று முறை, சிறிதளவு. நன்றாகத் தின்றும் மெலிந்தால் குடல் புழு இருக்கலாம்: உருளைப்புழுவுக்கு லெவமிசோல், நாடாப்புழுவுக்குப் பிராசிகுவாண்டல்.

அடுத்த முறை, தனிமைத் தொட்டியின் (புது மீனை முதலில் தனியே வைக்கும் தொட்டி) தண்ணீரை விற்பவரின் தண்ணீருக்கு ஒப்பாக முன்பே தயார் செய்யுங்கள். நெடும்பயணம் வந்த பையைத் திறந்ததும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மையின் அளவு) உயரும், தேங்கிய அம்மோனியா நஞ்சாகும். எனவே மூடிய பையை 20 நிமிடம் மிதக்கவிட்டு, திறந்தவுடன் மீனை மட்டும் வலையில் மாற்றுங்கள். நான்கு வாரம் அங்கேயே இருக்கட்டும்.