ஒரு ரேடியேட்டர் மட்டும் சூடாகாதபோது

ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் அடுக்ககத்தில் அறையை வெந்நீரால் சூடாக்கும் ஒவ்வொரு ரேடியேட்டருக்கும், அறையின் சூட்டைப் பார்த்து வெந்நீரைத் திறந்து மூடும் தனித்தனி தெர்மோஸ்டாட் வால்வு உண்டு. திருப்பும் தலையில் 5 வரை எண்கள் இருக்கும். 3-இல் வைத்தால் அறை ஏறக்குறைய 20 டிகிரியில் நிற்கும். (5-இல் வைத்தால் சீக்கிரம் சூடேறும் என்பது வெறும் நம்பிக்கை, 28 டிகிரி வரை விடாமல் ஏறும், அவ்வளவுதான்.) குளிர்காலம் தொடங்கியதும் பிள்ளைகள் அறை ரேடியேட்டர் மட்டும் 5-இலும் சில்லென்றே இருந்தது.

வால்வின் தலைக்குள் இருக்கும் மெழுகோ திரவமோ அறை சூடானால் விரிந்து, ஒரு சிறு ஊசியை அழுத்தி வெந்நீரை அடைக்கும்; ஆறினால் ஸ்பிரிங் ஊசியை வெளியே தள்ளும். கோடை முழுக்க அழுந்தியே கிடந்தால் ஊசி இறுகிவிடும்.

தலையை 5-க்குத் திருப்பி, அதைப் பிடித்திருக்கும் வளையத்தைக் கழற்றினேன். ஊசி உள்ளேயே சிக்கியிருந்தது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, வால்வின் பக்கவாட்டில் லேசாகத் தட்டி, ஸ்பேனரின் தட்டைப் பக்கத்தால் மெல்ல அழுத்தி அழுத்தி விட்டதும் துள்ளி வெளியே வந்தது. குறடால் பிடித்து இழுக்கவே கூடாது. ஊசி கையோடு வந்தால் தண்ணீர் பீய்ச்சும்.

வால்வின் தலை அறையின் சூட்டைச் சரியாக உணரட்டும் என்று, திரைச்சீலையையும் அதை மறைக்காதபடி ஒதுக்கிவிட்டேன். ஊசி அழுந்திக் கிடக்கக் கூடாதென்று இப்போதெல்லாம் கோடையில் எல்லா வால்வும் 5-இல்தான்.