இங்கிலாந்தில் காஸ், கரண்ட் பில் கட்டச் சிரமமா? உதவி எங்கே இருக்கிறது, எப்படிக் கேட்பது

குளிர் தொடங்கியதும் எங்கள் சனம் செய்கிற முதல் வேலை ஹீட்டரை நிறுத்துவது. இரண்டாவது, காஸ், கரண்ட் கம்பனிக் கடிதங்களைப் பிரிக்காமல் ஃபிரிட்ஜுக்கு மேலே அடுக்கி வைப்பது. சனிக்கிழமைகளில் தமிழ்ப் பாடசாலை நடக்கும் மண்டபத்தில், பிள்ளைகளைக் கூட்டிவரும் தாய் தகப்பன்மாருக்கும் அம்மம்மாமாருக்கும் நான் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். வருகிற எல்லாரிடமும் சொல்வது ஒன்றுதான்: அந்தக் கடிதக் கட்டை அப்படியே கொண்டு வாருங்கள். உதவி இருக்கிறது. ஆனால் அது ஒரே இடத்தில் இல்லை, பெரும்பாலும் கேட்காமல் வராது.

முதலில் பில்லை வடிவாகப் பாருங்கள். மீற்றர் ரீடிங்குக்குப் பக்கத்தில் ‘எஸ்டிமேட்டட்’ என்று இருந்தால், அது கம்பனி குத்துமதிப்பாகப் போட்ட கணக்கு. மீற்றரை இன்றைக்கே போனில் படம் எடுத்து, அந்த எண்ணைக் கம்பனிக்குக் கொடுங்கள். பல வீடுகளில் கடன் என்று பயந்த தொகையில் ஒரு பகுதி இதிலேயே குறைந்துவிடும். இன்னொன்று: கம்பனி தன் பிழையால் பில் அனுப்பாமல் விட்டு, திடீரென்று பழைய கணக்கைக் கேட்டால், 12 மாதத்துக்கு முன்பு பாவித்ததற்குக் காசு கேட்க முடியாது. காஸ், கரண்ட் கம்பனிகளைக் கண்காணிக்கும் ஓஃப்ஜெம் 2018இலிருந்து வைத்திருக்கிற விதி இது.

அப்புறம் கம்பனிக்குப் போன் பண்ணுங்கள். “கட்ட மாட்டேன்” என்று சொல்ல வேண்டாம், “மாதம் இவ்வளவுதான் என்னால் முடியும்” என்று ஒரு தொகையைச் சொல்லுங்கள். உங்களால் எவ்வளவு முடியும் என்பதைப் பார்த்துத்தான் அவர்கள் தவணை போட வேண்டும். உங்களால் முடியாத தொகைக்குப் பேச்சு முடிக்கவேண்டும் என்பதற்காகத் தலையாட்டாதீர்கள், அடுத்த மாதமே அது உடையும். முன்கூட்டியே காசு போட்டுப் பாவிக்கும் டொப்-அப் மீற்றர் என்றால், காசு தீர்ந்ததும் கடனாகக் கிடைக்கும் ‘எமர்ஜென்சி கிரெடிட்’ முடிந்த பிறகும், மேலதிகக் கடனாக ‘அடிஷனல் சப்போர்ட் கிரெடிட்’ என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லியே கேளுங்கள். வீட்டில் சின்னப் பிள்ளையோ நோயாளியோ இருந்தால் முதல் வசனத்திலேயே சொல்லிவிடுங்கள்.

அதே போனில், கூடுதல் கவனிப்புத் தேவைப்படுகிறவர்களுக்கான ‘பிரையோரிட்டி சர்வீசஸ் ரெஜிஸ்டர்’ என்ற பட்டியலில் உங்கள் பெயரையும் போடச் சொல்லுங்கள். இலவசம். முதியவர்கள், நோய் உள்ளவர்கள், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருக்கிறவர்கள் மட்டுமல்ல, ஆங்கிலம் சரியாகக் கதைக்கவோ வாசிக்கவோ தெரியாதவர்களும் இதில் சேரலாம். சேர்ந்தால் உங்களுக்குப் பதிலாகப் பிள்ளையோ தெரிந்தவரோ கம்பனியோடு கதைக்க ஒழுங்கு செய்யலாம்.

அடுத்தது வோர்ம் ஹோம் டிஸ்கவுண்ட். கரண்ட் கணக்கில் ஒரு தரம் 150 பவுண் கழியும். 2025 குளிர்காலத்திலிருந்து யுனிவர்சல் கிரெடிட், பென்சன் கிரெடிட் போன்ற வருமானம் பார்த்துத் தரும் உதவி எடுக்கிற வீடுகளுக்கெல்லாம் இது விரிந்திருக்கிறது. ஆனால் எங்கள் குடும்பங்கள் இதை இழப்பது ஒரு சின்ன விஷயத்தால். பென்சன் கிரெடிட் அம்மம்மாவின் பெயரில் இருக்கும், கரண்ட் பில் மகனின் பெயரில் இருக்கும். ஆங்கிலம் தெரிந்தவர் என்று கணக்கைத் திறக்கும்போது மகன் தன் பெயரைக் கொடுத்திருப்பார். உதவி எடுக்கிறவருடைய பெயரிலோ, அவருடைய துணையின் பெயரிலோ பில் இருந்தால்தான் இந்தக் காசு வரும். அதுவும் அரசாங்கம் குறிக்கிற ஒரு நாளில் அப்படி இருக்க வேண்டும். 2025இல் அந்த நாள் ஆகஸ்ட் 24. ஆகவே பெற்றோர் தனி வீட்டில் இருந்தால், கணக்கை அவர்கள் பெயருக்குக் கோடையிலேயே மாற்றி வையுங்கள். குளிர் வந்த பிறகு மாற்றினால் அந்த வருடம் போனது போனதுதான்.

முதியவர்கள் என்றதும், வருமானம் குறைந்த முதியவர்களுக்கான பென்சன் கிரெடிட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். “நான் இங்கே கொஞ்சக் காலம்தான் வேலை செய்தேன், எனக்கு ஒன்றும் கிடைக்காது” என்று எத்தனையோ ஐயாமார் சொல்கிறார்கள். அரச பென்சன் வேறு, இது வேறு. பென்சன் கிரெடிட்டுக்கு நீங்கள் எத்தனை வருடம் நேஷனல் இன்சூரன்ஸ் கட்டினீர்கள் என்று பார்ப்பதில்லை, இப்போது கையில் வருகிற வருமானத்தையும் சேமிப்பையும்தான் பார்க்கிறார்கள். வாரம் சில பவுண்தான் கிடைக்கும் என்றாலும் விடாதீர்கள். அதை வைத்தே வோர்ம் ஹோம் டிஸ்கவுண்ட், கவுன்சில் டாக்ஸ் குறைப்பு, 75 வயதுக்கு மேல் இலவச டீவி லைசென்ஸ் எல்லாம் திறக்கும். 0800 99 1234க்குப் போன் பண்ணி, “தமிழ் இன்டர்பிரிட்டர் பிளீஸ்” என்று சொன்னால் போதும். மூன்று மாதம் வரை பின்திகதியிட்டும் கேட்கலாம்.

இனி கவுன்சில். கஷ்டப்படுகிற வீடுகளுக்குக் கவுன்சில் மூலம் காசு கொடுக்க 2021 அக்டோபரில் தொடங்கிய ஹவுஸ்ஹோல்ட் சப்போர்ட் ஃபண்ட் 2026 மார்ச்சோடு முடிந்தது. ஏப்ரலிலிருந்து அந்த இடத்தில் கிரைசிஸ் அண்ட் ரெசிலியன்ஸ் ஃபண்ட் இருக்கிறது. வாடகைக்குக் கொடுத்துவந்த தனி உதவியும் இப்போது இதற்குள்தான். காசை அரசாங்கம் கொடுக்கிறது, யாருக்கு எவ்வளவு என்பதைக் கவுன்சில் முடிவு செய்கிறது. ஹரோவில் இருக்கிற தங்கச்சிக்குக் கிடைத்தது நியூஹாமில் இருக்கிற உங்களுக்கு அப்படியே கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். உங்கள் கவுன்சில் தளத்தில் இந்த ஃபண்டின் பெயரைப் போட்டுத் தேடுங்கள். கம்பியூட்டர் தெரியாவிட்டால் நூலகத்தில் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

விண்ணப்பத்தில் ‘உங்கள் நிலைமையை விளக்குங்கள்’ என்று ஒரு பெட்டி வரும். எங்கள் ஆட்கள் அதில் “மிகவும் கஷ்டப்படுகிறோம், தயவுசெய்து உதவுங்கள்” என்று எழுதுகிறார்கள். வாசிக்கிற அலுவலரால் அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படி எழுதுங்கள்: “கணவரின் வேலை நேரம் பாதியாகிவிட்டது. அடுத்த சம்பளம் 28ஆம் திகதி. காஸ் மீற்றரில் 3 பவுண் மிச்சம். வீட்டில் ஆஸ்துமா உள்ள 2 வயதுப் பிள்ளை.” நாலே வசனம், எல்லாம் சரிபார்க்கக் கூடியவை. மீற்றர் திரையின் படம், வங்கிக் கணக்கு விபரம், வாடகை ஒப்பந்தம், அடையாளப் பத்திரம் ஆகியவற்றைக் கையோடு வைத்திருங்கள்.

வங்கி விபரத்தில் ஊருக்கு அனுப்பிய காசும் சீட்டுக் கட்டிய காசும் தெரியும். அதை ஒளிக்க வேண்டாம். “அம்மாவின் மருந்துக்கு மாதம் இவ்வளவு” என்று நீங்களே முதலில் எழுதிவிட்டால் நல்லது. பிறகு அவர்கள் கண்டுபிடித்துக் கேட்டால் பதில் சொல்வது கடினம்.

சின்னச் சின்ன மிச்சங்களும் இருக்கின்றன. வீட்டில் வயது வந்தவர் ஒருவர் மட்டும் இருந்தால் கவுன்சில் டாக்ஸில் 25 வீதம் குறையும். தண்ணீர்க் கம்பனிகளிடமும் இன்டர்நெட் கம்பனிகளிடமும் வருமானம் குறைந்தவர்களுக்கான குறைந்த கட்டணம், அதாவது ‘சோஷல் டாரிஃப்’ இருக்கிறதா என்று கேளுங்கள். லண்டனில் அரச ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகள் எல்லாருக்கும் 2023 செப்டெம்பரிலிருந்து மதியச் சாப்பாடு இலவசம். ஃபூட் பாங்குக்குப் பெரும்பாலும் வவுச்சர் வேண்டும், அதை ஜிபி (குடும்ப டொக்டர்), பாடசாலை, இலவச ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸ் தருவார்கள். குருத்வாராவில் ஒன்றும் கேட்காமல் சாப்பாடு போடுவார்கள்.

விசாவில் ‘நோ ரிகோர்ஸ் டு பப்ளிக் ஃபண்ட்ஸ்’, அதாவது அரச உதவிக் காசு எடுக்கக் கூடாது என்று இருக்கிறவர்கள் கவனம். யுனிவர்சல் கிரெடிட், கவுன்சில் டாக்ஸ் குறைப்பு, கவுன்சில் தருகிற அவசரக் காசு இவையெல்லாம் அந்தத் தடைக்குள் வரலாம். யாரோ சொன்னார்கள் என்று விண்ணப்பிக்காமல், தகுதியுள்ள குடிவரவு ஆலோசகரிடம் கேட்ட பிறகு செய்யுங்கள். ஃபூட் பாங்கும் தொண்டு நிறுவன உதவியும் அந்தத் தடைக்குள் வராது. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சாப்பாட்டுக்கே வழியில்லை என்றால், 1989ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி கவுன்சிலிடம் உதவி கேட்கலாம், அதுவும் பப்ளிக் ஃபண்ட்ஸ் அல்ல.

கடன் பல இடத்தில் சேர்ந்துவிட்டது என்றால் இலவசக் கடன் ஆலோசனை தரும் நேஷனல் டெட்லைன், 0808 808 4000. கடன் ஆலோசகர் மூலம் ‘பிரீதிங் ஸ்பேஸ்’ போட்டால் 60 நாளைக்குக் கடன் தந்தவர்களில் பெரும்பாலானவர்கள் உங்களைத் துரத்த முடியாது. மற்ற எல்லாவற்றுக்கும் சிட்டிசன்ஸ் அட்வைஸ், 0800 144 8848.

கவுன்சில் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், மீளாய்வு செய்யச் சொல்லுங்கள். ஒரு பத்திரம் குறைந்ததால் மட்டும் மறுத்திருக்கலாம், அதை இணைத்துத் திருப்பி அனுப்புங்கள். யாரோடு, எந்தத் திகதி, என்ன கதைத்தீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அடுத்த முறை போன் எடுக்கிறவர் வேறு ஆளாகத்தான் இருப்பார்.