நெருக்கடிக் காலச் சம்பளம்: நாம் தவறாகப் படிக்கும் இடங்கள்

விற்பனை சரிந்தால் நிறுவனங்கள் சம்பளத்தைக் குறைத்துவிடும் என்று எதிர்பார்ப்பதுதான் முதல் தவறு. 1990களின் தொடக்கத்தில் அமெரிக்கா மந்தநிலையில் இருந்தபோது, பொருளியலாளர் ட்ரூமன் பியூலி நிர்வாகிகள், தொழிற்சங்கத் தலைவர்கள் உள்ளிட்ட 300க்கும் மேற்பட்டோரை நேரில் சந்தித்து, சம்பளம் ஏன் குறைக்கப்படுவதில்லை என்று கேட்டார். சம்பளத்தில் கை வைத்தால் இருப்பவர்களின் மனம் கசந்துவிடும், திறமைசாலிகள் விலகிவிடுவார்கள் என்பதே நிர்வாகிகளின் பதில். ஆட்குறைப்பில் பாதிக்கப்பட்டவர் வெளியே போய்விடுகிறார். சம்பளம் குறைக்கப்பட்டவரோ மறுநாளும் அதே இருக்கைக்கு வருகிறார். நிறுவனமே மூழ்கும் நிலையில், குறைப்பு வேலைகளைக் காப்பாற்றும் என்றால் மட்டும் ஊழியர்கள் ஓரளவு ஏற்கிறார்கள்.

சம்பளத் தொகை மாறவில்லை என்பதால் சம்பளம் குறையவில்லை என்று நம்புவதும் பிழை. உளவியலாளர் டேனியல் கானமனும் சகாக்களும் 1986இல் வெளியிட்ட ஆய்வில், விலைவாசி ஏறாத காலத்தில் 7% சம்பள வெட்டு நியாயமற்றது என்றனர் கருத்துக் கேட்கப்பட்டவர்களில் 62% பேர். விலைவாசி 12% ஏறும்போது 5% மட்டும் உயர்த்துவதை அப்படிச் சொன்னவர்கள் 22% தான். வாங்கும் சக்தியில் இழப்பு ஏறத்தாழ ஒன்றே! விலையேற்றக் காலத்தில் உயர்வை நிறுத்திவைப்பதும் ஒரு வெட்டுதான். அதை அப்படியே அழைக்க வேண்டும்.

சராசரி ஊதியம் இன்னும் மோசமாக ஏமாற்றும். 2020 ஏப்ரலில் அமெரிக்காவில் வேலையின்மை 14.7% ஆனது. அதே மாதம் சராசரி மணிநேர ஊதியம் 1.34 டாலர் உயர்ந்து 30.01 டாலரைத் தொட்டது. யாருக்கும் பெரிதாக எதுவும் கூடிவிடவில்லை. உணவகங்களிலும் கடைகளிலும் குறைந்த ஊதியம் பெற்றவர்கள் பெருமளவில் வேலையிழந்து கணக்கிலிருந்தே மறைந்தார்கள். அவர்களின் துயரம் ஊதிய வளர்ச்சியாகப் பதிவானது.

அடிப்படைச் சம்பளத்தோடு நின்றுவிடாமல் போனஸ், மிகுதிநேர வேலை, தள்ளிப்போன பதவி உயர்வு, புதிதாகச் சேர்வோரின் தொடக்கச் சம்பளம் ஆகியவற்றையும் பாருங்கள். சம்பளச் செலவைக் குறைப்பது பெரும்பாலும் அங்கேதான் ஓசையின்றி நடக்கிறது.

நிறுவனத்துக்கு விழும் எல்லா அடியையும் ஒன்றாக எண்ணுவதும் தவறு. இத்தாலிய நிறுவனங்களைப் பற்றிய 2005ஆம் ஆண்டு ஆய்வொன்றின்படி, தற்காலிகச் சரிவின் சுமையை நிறுவனங்களே தாங்கிக்கொண்டன. நிலைத்த சரிவில் ஒரு பகுதி ஊழியர்களின் சம்பளத்தில் இறங்கியது.