நீண்ட கால இலக்கில் பொறுமை எங்கே உடைகிறது?

ஓர் இலக்கைப் பாதியில் விட்டவர்களைக் கேட்டால், "எனக்குப் பொறுமை போதவில்லை" என்பார்கள். பல நேரம் அது சரியான காரணமே இல்லை. மூன்று மாதம் என்று நினைத்து இறங்கிய வேலை மூன்று வருடம் கேட்டால் யாருக்கும் மூச்சு வாங்கும். கணக்கு தப்பியதற்குத் தன் குணத்தைப் பழிப்பவர்கள் ஏராளம். அந்தக் கணக்கு எங்கெங்கே தப்புகிறது என்று பார்ப்போம்.

மணி நேரத்தைக் கூட்டாமல் தேதி குறிப்பது

"இந்த வருடத்துக்குள் ஒரு புது மொழி" என்று சொல்வது எளிது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் வைத்திருக்கும் கணக்கைப் பாருங்கள். ஆங்கிலம் பேசுபவர் ஸ்பானிஷ் மொழியை வேலைக்குப் போதுமான அளவு கற்க ஏறத்தாழ 600 முதல் 750 மணி நேர வகுப்பு வேண்டும். ஜப்பானிய மொழிக்குச் சுமார் 2,200 மணி நேரம். தினம் அரை மணி ஒதுக்குபவருக்கு ஒரு வருடத்தில் சேர்வது 180 மணி சொச்சம்தான். 600-ஐத் தொடவே மூன்று வருடம் தாண்டிவிடும். 2,200-க்குப் பன்னிரண்டு வருடம். ஆறாவது மாதம் "இன்னும் பேச வரவில்லையே" என்று புத்தகத்தை மூடி வைப்பவர் உண்மையில் எங்கும் பின்தங்கவில்லை. அவர் குறித்த தேதிதான் தவறு.

ஆகவே முதலில் மொத்த மணி நேரத்தை உத்தேசமாக எழுதுங்கள். வாரத்துக்கு நிச்சயமாகக் கிடைக்கும் மணி நேரத்தால் அதை வகுங்கள். வரும் வாரங்களை ஒன்றரையால் பெருக்குங்கள். இந்த ஒன்றரைக்குக் காரணம் இருக்கிறது. 1994-இல் ரோஜர் பியூலரும் சக ஆய்வாளர்களும், பட்டப்படிப்பு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்று பதில் வந்தது. உண்மையில் 55 நாளுக்கு மேல் ஆனது.

முதல் வாரத்திலேயே அகலக்கால் வைப்பது

உற்சாகம் பொங்கும் முதல் வாரத்தில் தினம் இரண்டு மணி நேரம் உழைப்போம். அந்த இரண்டு மணியே மனதில் அளவுகோலாகப் பதிந்துவிடும். நான்காம் வாரத்தில் காய்ச்சலோ கூடுதல் வேலையோ வந்து இருபது நிமிடம் மட்டும் கிடைத்தால், "இதில் என்ன செய்துவிட முடியும்" என்று அதையும் விட்டுவிடுவோம்.

இரண்டு அளவு வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண நாளுக்கு ஒன்று, மோசமான நாளுக்கு ஒன்று. எழுதுபவர் என்றால் 300 சொல், 30 சொல். உடற்பயிற்சி என்றால் 40 நிமிடம், 5 நிமிடம். முதல் மாதம் எவ்வளவு ஆசை வந்தாலும் சாதாரண அளவைத் தாண்ட வேண்டாம். எப்போது, எங்கே என்பதையும் சேர்த்து எழுதுங்கள். "தினமும் எழுதுவேன்" என்பது நிற்காது. "இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் மேசையில் உட்கார்வேன்" என்பது நிற்கும்.

21 நாளில் பழகிவிடும் என்று நம்புவது

முகச் சீரமைப்பு மருத்துவரான மேக்ஸ்வெல் மால்ட்ஸ் 1960-இல் எழுதியது, நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது சுமார் 21 நாள் ஆகிறது என்றுதான். அந்தக் 'குறைந்தது' வழியில் தொலைந்துபோனது. லண்டனில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரைத் தொடர்ந்து கவனித்து வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்த காலத்தின் நடுமதிப்பு 66 நாள். சிலருக்கு 18 நாள் போதுமானதாக இருந்தது. 254 நாள் வரைக்கும் கணக்கு நீண்டது. 22-ஆம் நாள் இன்னும் கஷ்டமாகவே இருக்கிறதென்றால், அது இயல்பு.

அதே ஆய்வில் இன்னொரு செய்தி ஆறுதலானது. எப்போதாவது ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை. ஆனால் ஒரு நாள் தவறியதும் "எல்லாம் போச்சு, அடுத்த மாதம் புதிதாகத் தொடங்கலாம்" என்ற எண்ணம் வருகிறதே, அது வேரையே அறுத்துவிடும். தவறிய மறுநாள் மோசமான நாளுக்கான அளவையாவது செய்துவிடுங்கள். விட்டதைப் பிடிக்க இரட்டிப்பாகச் செய்யாதீர்கள். அந்தக் களைப்பு மூன்றாம் நாளையும் விழுங்கும்.

தினசரி ஏற்ற இறக்கத்தை முன்னேற்றமாக அளப்பது

எடை குறைக்க முயலும் ஒருவரின் நோட்டு இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரம், திங்கள் முதல் ஞாயிறு வரை: 78.2, 78.9, 77.8, 78.4, 79.0, 78.1, 77.9. இரண்டாம் வாரம்: 78.0, 77.7, 78.6, 78.8, 77.6, 77.5, 77.9. ஞாயிறையும் ஞாயிறையும் ஒப்பிட்டால் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. இரண்டாம் வார வியாழனன்று தொடங்கிய நாளைவிட 600 கிராம் கூடுதல். சாண் ஏறினால் முழம் சறுக்குகிறது என்று தோன்றும். வாரச் சராசரியைப் பாருங்கள்: 78.3 என்பது 78.0 ஆகியிருக்கிறது. முறை வேலை செய்கிறது. உப்பு, தண்ணீர், வயிற்றில் இருக்கும் உணவு எல்லாம் சேர்ந்து எடையை ஒரே நாளில் ஒரு கிலோவுக்கு மேலும் ஆட்டும்.

எந்த இலக்கிலும் இதே கதைதான். செய்த வேலையைத் தினமும் குறியுங்கள், பலனை வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை பாருங்கள்.

நடுப்பகுதிக்குத் தயாராகாதது

1930-களில் உளவியலாளர் கிளார்க் ஹல், எலிகள் உணவை நெருங்க நெருங்க வேகமாக ஓடுவதைப் பதிவு செய்தார். நமக்கும் தொடக்கத்தில் புதுமை துணை, முடிவில் இலக்கே கண்ணில் தெரியும். நடுவில் இரண்டும் இல்லை. அந்த நீளத்தை நான்கு முதல் ஆறு வாரத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் முடிவிலும் கையில் எடுத்துக் காட்டக்கூடிய ஒன்று இருக்கும்படி செய்யுங்கள்: ஓர் அத்தியாயம், ஒரு முழுப் பாடல், ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். பாதி வரை 'இவ்வளவு முடிந்தது' என்று எண்ணுங்கள், பாதிக்குப் பிறகு 'இவ்வளவுதான் பாக்கி' என்று எண்ணுங்கள்.

பிடிவாதத்தைப் பொறுமை என்று நினைப்பது

பலன் தராத முறையையே வருடக்கணக்கில் பிடித்துத் தொங்குவதையும் விடாமுயற்சி என்கிறோம். பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு தேதி குறித்துக்கொண்டு நோட்டைத் திறங்கள். பத்துக்கு எட்டு நாளாவது செய்திருக்கிறோமா? இல்லையென்றால் முறையைக் குறை சொல்ல முடியாது, அளவைப் பாதியாக்குங்கள். செய்தும் பலன் அசையவே இல்லையென்றால் இலக்கை வைத்துக்கொண்டு முறையில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டு மூன்றை ஒரே சமயத்தில் மாற்றினால் எது பலித்தது என்று தெரியாது.

விடலாமா என்ற கேள்வி தோற்ற அன்று இரவுதான் உரக்கக் கேட்கும். அன்று முடிவெடுக்க வேண்டாம். நோட்டில் எழுதிவிட்டு, குறித்த தேதிக்குத் தள்ளிப்போடுங்கள். அந்தத் தேதியில் நிதானமாக யோசித்த பிறகும் விடுவதுதான் சரி என்று பட்டால், விடுங்கள். விட்ட தேதியை எழுதி, அதற்கு ஒதுக்கிய நேரம் இனி எந்த வேலைக்குப் போகிறது என்பதையும் அதற்குக் கீழேயே எழுதுங்கள்.