பாவம் எது, பாவம் எது?

"நடிகையின் முகத்தில் பாவம் அழகாகத் தெரிந்தது" என்ற வரியைப் பள்ளியில் சத்தமாக வாசித்தேன், பாவ புண்ணியம் என்கிறோமே, அந்த உச்சரிப்பில். வகுப்பே சிரித்தது. உணர்ச்சியைக் காட்டும் பாவத்துக்கும் அதே எழுத்துகள்தானே, நான் என்ன செய்ய? அப்புறம் மெல்லக் கற்றுக்கொண்ட வழி இது.

முதலில் காதைப் பழக்குங்கள். 'பல்', 'பஸ்' இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். 'பஸ்' சொல்லும்போது உதடு திறக்கும் முன்பே தொண்டை அதிரத் தொடங்கிவிடும். 'குருவி', 'குரு' என்பதிலும் 'தலை', 'தினம்' என்பதிலும் இதே வேறுபாடுதான்.

அடுத்து, எங்கே கவனிப்பது? சொல்லின் நடுவில் பெரும்பாலும் கவலையில்லை. இரட்டித்தால் வன்மை (பக்கம்), மெல்லினத்துக்குப் பின் வந்தால் அதிர்வு (பங்கு). இடமே ஒலியைச் சொல்லிவிடும். தமிழ்ச் சொற்களின் முதலெழுத்து அநேகமாக வன்மையாகவே ஒலிப்பதால் ஒரே எழுத்து போதுமானதாக இருந்தது. வடமொழி, உருது, ஆங்கிலச் சொற்கள் வந்து கலந்த பிறகுதான் முதலெழுத்தில் சிக்கல். கண்ணை அங்கே வையுங்கள். (இதனால்தான் 'இந்தப் பஸ்' என்று ஒற்றுப் போட எனக்குக் கை வருவதில்லை. இரட்டித்தால் ஒலி வன்மையாகிவிடுகிறது.)

மூன்றாவதுதான் முக்கியம். வாயைத் திறக்கும் முன் பக்கத்துச் சொல்லைப் பாருங்கள். 'போர் மூண்டது' என்றால் பல்லின் ப. 'போர் போட்டும் தண்ணீர் வரவில்லை', 'படம் ஒரே போர்' என்றால் பஸ்ஸின் ப. பந்தம் எரிந்தால் வன்மை, அறுந்தால் அதிர்வு. 'பாடி முடித்தாள்' ஒரு மாதிரி, 'லாரிக்கு பாடி கட்டினார்கள்' வேறு மாதிரி. கிழவர் ஊன்றும் கோல் வேறு, பந்தை உதைத்துப் போடும் கோல் வேறு.

ஓலைச்சுவடி வாசித்தவர்களின் பாடு இதைவிட மோசம். சுவடிகளில் குறிலைக் காட்டும் புள்ளி இடாததால் 'கொடு', 'கோடு' இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். குறில் நெடிலைப் பிரிக்கும் இன்றைய வடிவம் 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் செய்த சீர்திருத்தம்.

சரி, கடைசியாக ஒரு பயிற்சி: 'கேஸ் தீர்ந்துவிட்டது.' பக்கத்துச் சொல் இங்கே உதவாது. அடுத்த வரியில் வருவது வக்கீலா, சிலிண்டரா என்று பார்த்துவிட்டு வாசியுங்கள்.